கேளாத திரைக்குப் பதிலுரை

2023 சனவரியில் சால் பைரோ என்னும் அமெரிக்கர் தமது 72ஆம் வயதில் காலமானார். அந்நாட்டு நாளேடுகள் அவருக்கு இரங்கற் குறிப்புகள் எழுதின. அவர் பெயர்பெற்ற நடிகரல்லர், இயக்குநரல்லர், இசையமைப்பாளருமல்லர். ஒரே ஒரு திரைப்படத்தின் ரசிகர் மன்றத் தலைவர். 1977இல் அம்மன்றம் தோன்றியது முதல் தம் இறப்புவரை, ஏறத்தாழ 45 ஆண்டுகள், அப்பொறுப்பில் இருந்தவர். அப்படத்தை ஆயிரம் முறைக்கும் மேலாகப் பார்த்தவர். வெளிநாட்டில் பணியாற்றும் நண்பர் ஒருவர் அனுப்பிய இச்செய்தியை முதன்முறை படித்தபோது, ஒரு மனிதன் தன் வாழ்நாளை இப்படியும் செலவிடலாகுமோ என்ற இரக்கம் கலந்த வியப்பே நமக்கு எழுந்தது. படித்து ஒதுக்கி வைத்துவிட்டோம். பின்னர் ஒருநாள் மீண்டும் எடுத்துப் பார்க்கையில்தான் முன்பு கவனியாது விட்ட ஒன்று கண்ணில் பட்டது. இவர் இளமையில் குருமடத்தில் பயின்றவர். பின்பு கத்தோலிக்கப் பள்ளியில் இறையியல் கற்பித்தவர். நாமும் குருமடத்தின் நீண்ட தாழ்வாரங்களில் நடந்தவர்களாதலால் அச்செய்தி நம்மை எளிதில் விடவில்லை. அவரைப் பற்றித் தேடிப் படித்தோம். அந்தப் படத்தையும் பார்த்தோம்.

ரசிகர் மன்றத் தலைவர் என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் எழும் காட்சி வேறு. வானளாவிய கட்-அவுட், அதற்குப் பாலாபிஷேகம், முதல் நாள் முதல் காட்சியின் ஆரவாரம், தலைவர் பிறந்தநாளுக்கு அன்னதானம். 1972இல் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி கண்டபோது அவருடைய மன்றங்கள் அக்கட்சிக்குத் தோள் கொடுத்ததை நம்மில் மூத்தோர் அறிவர். பைரோவின் மன்றம் அவ்வகையினதன்று. அதற்கு வழிபடத்தக்க நாயகன் இல்லை; கைப்பற்றத்தக்க நாற்காலியும் இல்லை. அவர்கள் கொண்டாடியது ஒரு மனிதனை அன்று, ஒரு படத்தை. இன்னும் நுட்பமாகச் சொன்னால், அப்படம் ஓடுகின்ற நூறு நிமிடங்களை.

'தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ' என்பது அதன் பெயர். ரிச்சர்ட் ஓபிரையன் எழுதி, 1973இல் இலண்டன் ராயல் கோர்ட் அரங்கின் மாடியிலிருந்த சிறிய மேடையொன்றில் தொடங்கிய இசை நாடகமே அதற்கு மூலம். ஜிம் ஷார்மன் இயக்க, 1975இல் திரைக்கு வந்தது. பிராட், ஜேனட் என்னும் மணவுறுதி செய்துகொண்ட இளைஞர் இருவர், மழையிரவில் வண்டிச் சக்கரம் வெடித்துப்போக, தொலைபேசி தேடி ஒரு கோட்டைக்குள் நுழைகிறார்கள். அங்கே டிம் கர்ரி நடிக்கும் ஃபிராங்க்-என்-ஃபர்ட்டர் என்பவன், வேற்றுக்கோள்வாசி, பெண்ணுடை தரித்தவன், தன் இன்பத்திற்கென்று ராக்கி என்னும் கட்டுடல் இளைஞன் ஒருவனை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிக்கொண்டிருக்கிறான். அதன்பின் நிகழ்வனவற்றை இப்பக்கங்களில் விரித்துரைப்பது தகாது. கொலையும் காமமும் கேலியும் கலந்து, இறுதியில் அவனுடைய வேலையாட்களே அவனைக் கொன்றுவிட்டுக் கோட்டையோடு விண்ணேகுகிறார்கள். பிராட்டும் ஜேனட்டும் மண்ணில் ஊர்ந்துகொண்டிருக்கிறார்கள். நம் இல்லங்களில் பார்க்கத்தக்க படமென்று இதனை நாம் பரிந்துரைக்கவில்லை. இதைச் சொல்லிவிடுவது பங்குத்தந்தையின் கடமை.

வெளியான ஆண்டில் படம் படுதோல்வி கண்டது. ஆனால் நிறுவனத்தின் விளம்பர அலுவலர் ஒருவர் விடாமல் முயன்று, 1976 ஏப்ரலில் நியூயார்க் கிரீன்விச் வில்லேஜ் பகுதியிலிருந்த வேவர்லி திரையரங்கில் வார இறுதிகளில் நள்ளிரவுக் காட்சியாக இதனைத் திரையிடச் செய்தார். சிலர் மீண்டும் மீண்டும் வந்தனர். அவ்வாண்டிலேயே ஓர் இரவு ஒரு சிறு நிகழ்ச்சி நடந்தது. மழையில் ஜேனட் செய்தித்தாளைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். அப்போது பார்வையாளரிடையே இருந்த ஒருவர், சாதாரண நாட்களில் அதிர்ந்து பேசாதவரெனச் சொல்லப்படும் ஒரு பள்ளி ஆசிரியர், குடை வாங்கினால் என்ன என்று ஒரு வசவையும் சேர்த்துத் திரையை நோக்கிக் கத்தினார். அரங்கம் சிரித்தது. அடுத்த வாரம் அதே இடத்தில் அதே சொல்லை வேறு சிலரும் சேர்ந்து சொன்னார்கள். ஒரு பதிலுரை பிறந்துவிட்டது.

பைரோ முதன்முறை அங்குச் சென்றது 1977 சனவரியில். நியூ ஜெர்சியைச் சேர்ந்தவர். ஆசிரியப் பணியை விட்டுவிட்டு, நடிகராகும் கனவோடு நியூயார்க்கை நாடிய இருபத்தாறு வயதினர். அந்தக் கனவு அவர் எதிர்பார்த்த வகையில் நிறைவேறவில்லை. நள்ளிரவுக் கூட்டத்தில் அவர் கண்டது வேறொன்று. கூட்டம் தானாகக் கூடியது, ஆயினும் அதற்கு யாரேனும் வரவேற்புச் சொல்ல வேண்டியிருந்தது. யாரேனும் வரிசையை ஒழுங்குசெய்ய வேண்டியிருந்தது. திரையின்மீது எதையும் எறியாதீர் என்று கண்டிக்கவேண்டியிருந்தது. அவ்வாண்டிலேயே மன்றம் உருவாகி அவர் தலைவரானார். அடுத்த ஆண்டு கூட்டம் அருகிலிருந்த எய்ட்த் ஸ்ட்ரீட் பிளேஹவுஸ் என்னும் அரங்குக்குப் பெயர்ந்தது. அங்கே திரைக்கு முன்னால் ரசிகர்களே வேடமிட்டு, திரையில் நடப்பதை அதே கணத்தில் நடித்துக்காட்டும் வழக்கம் நிலைபெற்றது. நாயகனின் வேடத்தை ஓர் இளம்பெண் தாங்கினாள். பைரோ காட்சிக்கு முன் மேடையேறி, வந்தோரைச் சிரிக்கவைத்து, புதியோரை அடையாளம் கண்டு, அனைவரையும் ஒரு குரலாக்கினார். 1980இல் ஆலன் பார்க்கர் இயக்கிய 'ஃபேம்' என்னும் படத்தில் இந்த அரங்கும் இந்தச் சடங்கும் இடம்பெற்றுள்ளன. பைரோவையும் அதில் காணலாம்.

சடங்கு என்னும் சொல்லை நாம் எண்ணிப்பார்த்தே எழுதுகிறோம். படத்தின் தொடக்கத்தில் ஒரு திருமணம் வருகிறது. அரங்கத்தார் அரிசி தூவுகிறார்கள். மழை வருகையில் நீர்த்துப்பாக்கியால் ஒருவரையொருவர் நனைத்துச் செய்தித்தாளைத் தலையில் கவிழ்த்துக்கொள்கிறார்கள். இருளில் தொலைவிலொரு விளக்கு தெரிகிறது என்று திரையில் பாடும்போது, அரங்கெங்கும் மெழுகுவர்த்தியும் தீப்பொறிக்கருவியும் ஒளிர்கின்றன. நாயகன் கையுறையை இழுத்துச் சொடுக்கும்போது நூற்றுக்கணக்கான கையுறைகள் ஒருசேரச் சொடுக்குகின்றன. விருந்துக் காட்சியில் வாட்டிய ரொட்டித் துண்டுகள் பறக்கின்றன. 'டைம் வார்ப்' என்னும் நடனத்துக்கு அனைவரும் இருக்கையை விட்டெழுந்து ஆடுகிறார்கள். முதன்முறை வந்தவர்க்கு 'கன்னியர்' என்று பெயர். அவர் முகத்தில் உதட்டுச்சாயத்தால் அடையாளமிட்டு, முன்னே அழைத்து, சிறு விளையாட்டொன்றில் ஈடுபடுத்தி, அதன்பின்னரே தம்மவராக ஏற்கிறார்கள். பாஸ்கா திருவிழிப்பில் இருளடைந்த கோவிலுக்குள் ஒரு திரி மறுதிரிக்கு ஒளி தருவதையும், திருநீற்றுப் புதனன்று நெற்றியில் விழும் அடையாளத்தையும், திருமுழுக்குக்குக் காத்திருப்போர் சபைமுன் அழைக்கப்படுவதையும் ஆண்டுதோறும் நடத்தும் நமக்கு இவையெல்லாம் எங்கிருந்து வந்தன என்று விளக்கத் தேவையில்லை. பைரோ திட்டமிட்டுத் திருவழிபாட்டை நகல் செய்தார் என்று நாம் கூறவில்லை. மனிதர் ஓரிடத்தில் திரும்பத் திரும்பக் கூடினால் ஒளியும் நீரும் உணவும் தாமாகவே கைக்கு வந்துவிடும் போலும்.

இப்படத்தை நாம் பார்த்தது நம் பங்கு இல்லத்தில், தனியாக, கணிப்பொறியின் சிறிய திரையில். உண்மையைச் சொன்னால், முதல் முயற்சியில் பாதியிலேயே நிறுத்திவிட்டோம். பாடல்களில் துள்ளலுண்டு, டிம் கர்ரியின் நடிப்பில் மறுக்கவியலாத ஆற்றலுண்டு. ஆனால் வசனங்களுக்கிடையே விளங்காத இடைவெளிகள். யாரோ பேசவேண்டிய இடத்தில் ஒருவரும் பேசாதது போன்ற வெறுமை. இரண்டாம் பாதி முற்றிலும் தளர்ந்து போகிறது. அந்த இடைவெளிகள் அரங்கத்தாரின் குரலுக்கு வாய்ப்பாய் அமைந்தன என்பது பின்னரே விளங்கிற்று. இத்தாலிய அறிஞர் உம்பெர்த்தோ எக்கோ 1980களில் எழுதிய கட்டுரையொன்றில், ஒரு படைப்பு பித்துக்கொள்ளத்தக்கதாக வேண்டுமானால் அது துண்டு துண்டாகப் பிரித்தெடுக்கத் தக்கதாயிருக்க வேண்டும் என்னும் கருத்தை முன்வைத்தார். குறையற்ற படைப்பில் இரசிகன் நுழைய இடமில்லை. ஓட்டை உடைசல் உள்ள வீட்டில்தான் பிறர் குடிபுக முடியும். இந்தப் படத்தைத் தனியே பார்ப்பது, திருப்பலிப் புத்தகத்தை நூலகத்தில் அமர்ந்து வாசிப்பதைப் போன்றது; பதிலுரைகள் அச்சிலிருக்கும், சபை இருக்காது.

ஆயினும் படத்தில் இரு காட்சிகள் தனியே பார்த்தபோதும் நம்மை நிறுத்தின. ஒன்று தொடக்கத்தில் வருவது. மரத்தாலான சிற்றூர்க் கோவிலொன்றில் திருமணம் முடிகிறது. மணமக்கள் போனபின் பிராட் ஜேனட்டிடம் தன் காதலைப் பாடுகிறான். அவர்கள் பாடிக்கொண்டிருக்கும்போதே, கோவிலைப் பேணுவோர் பின்னணியில் திருமண அலங்காரத்தை அகற்றி, அதே இடத்தை அடக்கச் சடங்குக்கு ஆயத்தம் செய்கிறார்கள். சவப்பெட்டி உள்ளே வருகிறது. காதலர் கவனிப்பதில்லை. கேலிக்காக எடுக்கப்பட்ட காட்சியே. ஆனால் பங்குப் பணியிலுள்ள எவர்க்கும் அது கேலியன்று. காலை பத்து மணித் திருமணத்துக்கு விரித்த சிவப்புக் கம்பளத்தை நம் கோவில்பிள்ளை பன்னிரண்டு மணிக்குச் சுருட்டுவதையும், மாலை நான்கு மணி அடக்கத்துக்கு அதே மேசைகளை நகர்த்துவதையும், காலையில் தூவிய அரிசியைக் கொத்தவரும் குருவிகளை மாலையில் அழுகையோடு வருவோர் கலைத்துவிடுவதையும் நாம் பலமுறை கண்டிருக்கிறோம். நள்ளிரவு ரசிகர்கள் திருமணத்துக்கு அரிசி எறிகிறார்கள் என்று படித்தபோது, சவப்பெட்டிக்கு என்ன எறிவார்கள் என்றே நம் மனம் கேட்டது.

மற்றொன்று முடிவுக்கு அருகில் வருவது. தோற்றுவிட்ட ஃபிராங்க்-என்-ஃபர்ட்டர் தன் ஊருக்குத் திரும்பப்போவதாகக் கண்ணீருடன் பாடுகிறான். எதிரே நாற்காலிகள் நிறைய மக்கள் அமர்ந்து அவனைக் கைதட்டிப் பாராட்டுகிறார்கள். அது அவனுடைய கற்பனை. பாட்டு முடிந்ததும் நாற்காலிகள் வெறுமையாகின்றன. சற்றுநேரத்தில் அவன் கொல்லப்படுகிறான். தன் இன்பத்துக்காக ஒருவனைப் படைத்து அவனை உடைமையாக்கியவன், இடையூறாக வந்த மற்றொருவனைக் கோடரியால் வெட்டியவன், விருந்தினரைச் சிலைகளாக்கியவன், கடைசியில் கேட்பாரின்றி வெற்று நாற்காலிகளுக்குப் பாடுகிறான். தான் உருவாக்கியதற்கு விடுதலை தராத படைப்பாளியின் கதி இதுவென்று படம் தன்னையறியாமலே தீர்ப்பிடுகிறது. இது தொடக்கநூலின் படைப்புக்கு நேர் எதிரானது. அங்கே படைக்கப்பட்டவன் கீழ்ப்படியாதிருக்கவும் உரிமை பெறுகிறான்.

இக்காட்சியே நம் பார்வையில் பைரோவின் வாழ்வைப் புரிந்துகொள்ளும் திறவுகோல். திரையில் ஒருவன் வெற்று நாற்காலிகளுக்குப் பாடுகிறான். திரைக்கு இப்பால் நாற்காலிகள் நிரம்பியிருக்கின்றன. அவர்கள் அவனுக்கு வரிக்கு வரி பதில் சொல்கிறார்கள். அவனுக்கு அது கேட்பதில்லை. ஆயிரம் முறை சொன்னாலும் கேட்காது. ஜேனட் ஒருநாளும் குடை வாங்கப்போவதில்லை.

அப்படியானால் அந்தப் பதிலுரையை யார்தான் கேட்டார்கள்? பக்கத்து இருக்கையில் இருந்தவர். இதுவே பைரோவின் பணியில் மதிக்கத்தக்க பகுதி. 1970களின் இறுதியில் அந்நள்ளிரவுக் காட்சிகளுக்கு வந்தோரில் பலர் வேறெங்கும் ஏற்கப்படாதவர். தன்பாலின ஈர்ப்புடைய இளைஞர், பள்ளியில் ஏளனத்துக்குள்ளானோர், வீட்டில் பேசமுடியாததைச் சுமந்துவந்தோர். வாரத்தின் மற்ற நாட்களில் தலைகுனிந்து நடந்தவர்கள் அந்த இரவில் மட்டும் உரத்துப் பேசினார்கள். பைரோ அவர்களுக்குக் கதவு திறந்துவைத்தார். தாம் எழுதி 1990இல் வெளியிட்ட 'கிரீச்சர்ஸ் ஆஃப் தி நைட்' என்னும் நூலில் படத்தைக் காட்டிலும் அந்தக் கூட்டத்தின் கதையையே அவர் சொன்னார். படத்தின் உட்பொருள் இன்னதென்று அவர் பறைசாற்றித் திரிந்ததாக நாம் எங்கும் காணவில்லை. இறையியல் கற்பித்தவர் ஒருவர் உட்பொருளைப் பற்றிப் பேசாமல் 45 ஆண்டுகள் வாயிலில் நின்றார் என்பது நமக்கு வியப்பாகவும், சற்றே உறுத்தலாகவும் இருக்கிறது. நாம் உட்பொருளைப் பற்றி மிகுதியாகப் பேசுகிறோம், வாயிலில் நிற்பதில்லை. 1980களில் எய்ட்ஸ் நோய் கிரீன்விச் வில்லேஜ் பகுதியைச் சூறையாடியபோது, பெற்ற வீடுகளே கதவடைத்த இளைஞர் எத்தனையோ பேர். அவர்களை அந்நாளில் யார் பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பது எளிதில் கடந்துபோகத்தக்க கேள்வியன்று.

இவ்வளவு சொன்னபின் குறையையும் சொல்லியாக வேண்டும்; இது புகழஞ்சலியன்று, விமரிசனம். அந்தப் பள்ளி ஆசிரியர் கத்தியது ஒரு கணத்தின் குறும்பு. அது மறுவாரம் வழக்கமாயிற்று. சில ஆண்டுகளில் விதியாயிற்று. 1983இல் அரங்கத்தாரின் குரல்களோடு கூடிய இசைத்தட்டு வெளிவந்தது. 1991இல் பைரோ மற்றொருவருடன் சேர்ந்து, எந்த இடத்தில் எதைச் சொல்லவேண்டும், எதை எறியவேண்டும் என்னும் வழிகாட்டி நூலை வெளியிட்டார். நல்ல நோக்கத்தோடுதான். புதியவர் தடுமாறக்கூடாது, வெளியூரில் இருப்போரும் சேர்ந்துகொள்ள வேண்டும் என்ற அக்கறையை நாம் புரிந்துகொள்கிறோம். திருவழிபாட்டு வரலாறு படித்தவர் எவரும் இதில் தம் சொந்த வீட்டின் கதையைக் காண்பார்: தொடக்கத்தில் கூட்டத்தலைவர் தம் ஆற்றலுக்கேற்ப இறைவேண்டல் செய்தார், பின்பு அது ஏட்டிலேறியது, பின்பு ஏட்டின் ஓரத்தில் சிவப்பெழுத்தில் கையை எங்கே வைப்பது என்ற குறிப்பும் ஏறியது. நமக்கு அதற்குப் பல நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. அவர்களுக்குப் பதினைந்து ஆண்டுகள் போதுமாயின. கட்டுப்பாடற்ற விடுதலையின் விழா என்று கொண்டாடப்பட்ட ஒன்று, தன் சிவப்பெழுத்துக் குறிப்புகளை இத்துணை விரைவில் எழுதிக்கொண்டது. உள்ளூர்க் குழுக்கள் தத்தம் வழக்கத்தைச் சேர்த்துக்கொண்டே இருந்தன என்பதும் உண்மையே. ஆனால் பெயர்த்துப்போட முடியாத அடித்தளம் ஒன்று உறைந்துவிட்டது.

மற்றொரு குறை இதைவிட ஆழமானது. அச்சடங்கில் எல்லாவற்றுக்கும் ஒரே குரல்தான் உண்டு, கேலி. திருமணத்துக்கும் கேலி, கொலைக்கும் கேலி, கண்ணீருக்கும் கேலி. ஃபிராங்க் வெற்று நாற்காலிகளுக்குப் பாடும் அந்த ஒரு காட்சி மனத்தில் இறங்க வேண்டுமானால், அங்கே சற்று அமைதி தேவை. எல்லா இடைவெளியையும் நிரப்பப் பழகிய கூட்டத்துக்கு அமைதி காப்பது கடினம். காயம்பட்டவர்க்குக் கேலி நல்ல கவசம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கவசத்தைக் கழற்றிவைக்கும் நேரம் ஒன்று எந்த வழிபாட்டிலும் இருந்தாக வேண்டும். கடைசிவரை கழற்றாதவன் தன் காயத்தையே தொட முடியாமற் போகிறான். பைரோ குருமடத்தில் இதனைக் கேட்டிருப்பார். இரவு இறைவேண்டலுக்குப் பின்வரும் பேரமைதியை அவரும் கடைப்பிடித்திருப்பார். அதை அந்த நள்ளிரவு அரங்குக்குள் அவர் கொண்டுபோனாரா என்பது நமக்குத் தெரியவில்லை. கொண்டுபோயிருந்தால் வெளியே துரத்தியிருப்பார்களோ என்னவோ.

கல்லெறியும் கை நம்முடையதாக இருக்க வேண்டாம் என்பதால் நம் பக்கத்தையும் பார்ப்போம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று, ஒரே நாளில், இரு ஏடுகளை வெளியிட்டது. ஒன்று திருவழிபாடு பற்றியது. மற்றொன்று திரைப்படம், வானொலி முதலிய சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றியது. இரண்டையும் நாம் குருமடத்தில் வெவ்வேறு ஆண்டில், வெவ்வேறு பேராசிரியரிடம் படித்தோம். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்புண்டு என்று எவரும் சொன்னதாக நினைவில்லை. முதல் ஏடு மக்களின் முழுமையான, உணர்வுள்ள, செயலூக்கமுள்ள பங்கேற்பைக் கேட்டது. ஆரவார மொழிகளையும் பதிலுரைகளையும் பாடல்களையும் சைகைகளையும் ஊக்குவிக்கச் சொன்னது. உரிய நேரத்தில் திருநிறை மௌனத்தையும் காக்கச் சொன்னது. அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், குருமட வாழ்வைத் துறந்த ஒருவர் முழுமையான, செயலூக்கமுள்ள பங்கேற்பு எப்படி இருக்குமென்று ஒரு திரையரங்கில் காட்டிக்கொண்டிருந்தார். நம் கோவிலிலோ, ஞாயிறு காலைத் திருப்பலியில் நாம் பீடத்திலிருந்து வாழ்த்துச் சொன்னால் முன்வரிசையின் மூதாட்டியர் சிலரும் பாடகர் குழுவும் பதிலளிக்கின்றனர். நடுவரிசைகளிலிருந்து ஒரு முணுமுணுப்பு. ஆண்கள் பகுதியில் அதுவுமில்லை. வேடிக்கை என்னவென்றால், கேட்காத திரையிடம் கேட்பதுபோல் அவர்கள் பேசினார்கள். கேட்கிறவரிடம் கேளாதவரிடம் பேசுவதுபோல் நாம் பேசுகிறோம். இதில் பீடத்தில் நிற்பவனின் குறை எவ்வளவு என்பதை நாம் அறிவோம். மூன்றாம் திருப்பலிக்கு நேரமாகிறதே என்று வாழ்த்தை விரைந்து சொல்லி, பதில் முடிவதற்குள் அடுத்த வரியைத் தொடங்கிய நாட்கள் நமக்குண்டு.

சென்ற மாதம் நம் பங்கின் இளையோர் கூட்டத்தில் பைரோவின் கதையைச் சொன்னோம், தவிர்க்க வேண்டியவற்றைத் தவிர்த்து. அரிசியும் நீர்த்துப்பாக்கியும் அவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டன. "அந்த மனுசர் ஏன் ஃபாதர் குருமடத்த விட்டார்?" என்று ஒரு பெண் கேட்டாள். தெரியாது என்றோம். "விட்டதுக்கப்புறமும் அத வேற எடத்துல செஞ்சுக்கிட்டுத்தான் இருந்திருக்காரு" என்றாள் அவளே. நாம் பதில் சொல்லவில்லை.

கூட்டம் கலைந்தபின் ஒரு தம்பி மட்டும் நின்றான். பல ஞாயிறுகளாக நாம் கவனித்துவரும் பையன். திருப்பலிக்குத் தவறாமல் வருவான். ஆனால் உள்ளே வரமாட்டான். பக்கவாயிலுக்கு வெளியே, மிதிவண்டிகள் நிற்கும் இடத்தில், வேப்பமர நிழலில் கைகட்டி நின்று முழுத் திருப்பலியும் காண்பான். நற்கருணை நேரத்தில் தலைகுனிவான். உள்ளே வரச்சொல்லி இருமுறை ஆளனுப்பியிருக்கிறோம்.

"புதுசா வந்தவங்கள கையப் பிடிச்சு முன்னாடி கூட்டிட்டுப் போவாங்கன்னு சொன்னீங்களே ஃபாதர், எல்லார் முன்னாடியுமா?"

"ஆமா தம்பி, எல்லார் முன்னாடியும்."

சிறிது நேரம் எண்ணிப்பார்த்தான்.

"அப்படீன்னா நான் அங்கயும் வெளியதான் ஃபாதர் நிப்பேன்" என்று சொல்லிவிட்டு, மிதிவண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

அடுத்த ஞாயிறும் வேப்பமரத்தடியில் நின்றான். வாழ்த்துச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் பார்த்தோம். அவன் உதடுகள் அசைந்தன.